இரண்டு நிற குரோஷாச் சதுரங்களால் ஒரு கம்பளிப் போர்வை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் தீபாவளி முடிந்து இரவுகள் குளிரத் தொடங்கியதும், கரோல் பாகிலும் ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் குரோஷா ஊசிகள் வெளியே வருகின்றன. பழக வருபவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். செயின், ஸ்லிப் ஸ்டிட்ச், சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே ஆகிய நான்கும் கைவந்தவர்களுக்கு இவை போதுமானவை.

கிரானி ஸ்கொயர் என்பது எது? அதை ஏன் இரண்டே நிறங்களில் பின்ன வேண்டும்?

நடுவில் ஒரு சிறு வளையம், அதைச் சுற்றி மும்மூன்று டபுள் குரோஷே கொண்ட கொத்துகள், நான்கு மூலைகளிலும் செயின் இடைவெளி, அந்த இடைவெளிகளில் ஊன்றி வளரும் அடுத்தடுத்த சுற்றுகள்: இவ்வளவுதான் கிரானி ஸ்கொயர். 1885இல் அமெரிக்க வேளாண் இதழான 'பிரெய்ரி ஃபார்மர்' வெளியிட்ட குறிப்பே இன்று அறியப்படும் அச்சுக் குறிப்புகளில் மிகப் பழையது என்று கருதப்படுகிறது. மீந்துபோன துண்டு நூல்களைப் பயன்படுத்துவதற்கு உகந்த வடிவம் என்பதால் பல நிறச் சதுரங்களையே நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்.

இரண்டு நிறங்களோடு நிறுத்திக்கொண்டால் பின்னுபவரின் கையில் ஒரு வடிவமைப்பு வந்து சேர்கிறது. எந்த நிறம் நடுவில் தொடங்குகிறது, எந்த நிறம் வெளிச்சுற்றில் முடிகிறது என்ற ஒரு முடிவே முழுப் போர்வையின் தோற்றத்தையும், ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு நூல் வாங்க வேண்டும் என்பதையும், அடுக்கும் முறையையும் தீர்மானித்துவிடுகிறது. அந்த முடிவைக் கடைக்குப் போவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதே இந்தப் பதில்கள் முழுவதிலும் நான் வலியுறுத்த விரும்புவது.

எந்த உல்லன் வாங்கலாம்? எந்த ஊசி சரியாக இருக்கும்?

முதல் போர்வைக்கு நல்ல தரமான அக்ரிலிக் நூலே போதும். லூதியானாவிலிருந்து வரும் வர்த்தமான், ஓஸ்வால், கங்கா ஆகியவற்றின் நூல்கள் தில்லியில் எளிதாகக் கிடைக்கின்றன. மொத்தமாக வாங்குவோர் சதர் பஜாருக்குப் போகலாம். கரோல் பாக், லாஜ்பத் நகர்க் கடைகளில் சில்லறையாகவும் வாங்கலாம். கடைக்காரர் 'லச்சி' என்று சொன்னால் அது சிட்டமாகச் சுற்றிய நூல். வீட்டுக்கு வந்ததும் அதை உருண்டையாகச் சுற்றிக்கொண்ட பிறகே பின்னத் தொடங்க வேண்டும். 'கோலா' என்றால் உருண்டையாகவே வருவது.

நடுத்தரப் பருமனுள்ள நூலுக்கு 4 மி.மீ. ஊசியும், அதைவிடச் சற்றுத் தடித்த நூலுக்கு 5 மி.மீ. ஊசியும் பொருந்தும். சேலைக் குச்சுக்கும் மேஜை விரிப்புக்கும் நாம் வைத்திருக்கும் மெல்லிய எஃகு ஊசி இதற்கு உதவாது. அந்த ஊசியின் கொக்கியில் உல்லன் முழுமையாக அமராமல் இழை பிரிந்துவிடும்.

இரண்டு நிறங்களுக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை நூலை வாங்குங்கள். ஒன்று தடிமனாகவும் மற்றொன்று மெல்லியதாகவும் இருந்தால், சுற்றுக்குச் சுற்று அகலம் மாறிச் சதுரம் நெளியும். லேபிளில் உள்ள லாட் எண்ணையும் (எந்தச் சாயத் தொகுதி என்பதைக் காட்டும் எண்) பார்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தேவையான முழு அளவையும் ஒரே லாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே நிறம்தானே என்று ஜனவரியில் மறுபடியும் வாங்கிய நூல், கடை விளக்கில் ஒன்றுபோலவும் வெயிலில் வேறாகவும் தெரிவது உண்டு.

நிறங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? பட்டுச் சேலையின் உடல் நிறத்தையும் கரை நிறத்தையும் எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாச் சேலை இணையும் உல்லனில் எடுபடாது. காஞ்சிபுரப் பட்டில் அரக்கு உடலுக்கு மயில்கழுத்து நிறத்தில் கரை வைத்தால் அழகாக இருக்கிறது. இரண்டும் அடர்ந்த நிறங்களாக இருந்தாலும், இடையில் ஓடும் சரிகை அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. உல்லனில் சரிகை இல்லை. ஒரே அளவு அடர்த்தியுள்ள இரண்டு நிறங்களைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிப் பின்னினால், இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போதே சுற்றுகள் ஒன்றோடொன்று கரைந்து மங்கலாகிவிடுகின்றன. மாம்பழ மஞ்சளும் அரக்கும், சந்தன நிறமும் கரும்பச்சையும், வெண்மையும் நீலமும் போல ஒன்று வெளிர்ந்தும் மற்றொன்று அடர்ந்தும் இருக்கும் இணைகளே சுற்றுகளைத் தெளிவாக எடுத்துக்காட்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கடையிலேயே இரண்டு நூலுருண்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் படம் எடுத்து, அந்தப் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அந்த இணையை விட்டுவிடலாம்.

அடர்ந்த சிவப்பு அல்லது நீலத்தை வெண்மையோடு சேர்ப்பதாக இருந்தால் சாயம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். நூலின் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்தி, அப்படியே ஓர் இரவு விட்டால் தெரிந்துவிடும். அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை குறைவு; ஆட்டு ரோமத்திலும் பருத்தியிலும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

ஒரு சதுரத்தைப் பின்னும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

அடர் நிறத்தில் தொடங்கி, வெளிர் நிறத்தோடு மாற்றி மாற்றிப் பின்னுவதாக வைத்துக்கொள்வோம்.

அடர் நிற நூலில் 4 செயின் போட்டு ஸ்லிப் ஸ்டிட்சால் இணைத்து வளையமாக்குங்கள். 3 செயின் போடுங்கள். இது முதல் டபுள் குரோஷேக்குச் சமம். அதே வளையத்துக்குள் மேலும் 2 டபுள் குரோஷே போட்டால் முதல் கொத்து முடிகிறது. 2 செயின், 3 டபுள் குரோஷே என்று இன்னும் மூன்று முறை போட்டு, கடைசியில் 2 செயின் போட்டு, தொடக்கத்தில் போட்ட 3 செயினின் உச்சியில் ஸ்லிப் ஸ்டிட்சால் இணைக்க வேண்டும். இப்போது 4 கொத்துகளும் 4 மூலை இடைவெளிகளும் இருக்கும். சுமார் 15 செ.மீ. நூல் விட்டு வெட்டி, கண்ணி வழியாக இழுத்து இறுக்குங்கள்.

இரண்டாம் சுற்றுக்கு வெளிர் நிற நூலை ஏதேனும் ஒரு மூலை இடைவெளியில் இணைத்து, 3 செயின், 2 டபுள் குரோஷே, 2 செயின், 3 டபுள் குரோஷே ஆகிய அனைத்தையும் அந்த ஒரே இடைவெளிக்குள் போட வேண்டும். அடுத்த மூன்று மூலைகளிலும் 3 டபுள் குரோஷே, 2 செயின், 3 டபுள் குரோஷே. இணைத்து முடித்தால் 8 கொத்துகள். மூன்றாம் சுற்றுக்கு அடர் நிறத்தை வேறொரு மூலையில் தொடங்குங்கள். மூலைகளில் முன்போலவே இரண்டு கொத்துகள், பக்கங்களில் இரண்டு கொத்துகளுக்கு நடுவே உள்ள ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு கொத்து. இதில் 12 கொத்துகள் வரும். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட 4 கொத்துகள் கூடுதலாக இருக்கும். சுற்று முடிந்ததும் கொத்துகளை எண்ணிப் பாருங்கள்: சுற்று எண்ணை நான்கால் பெருக்கினால் வரும் தொகை இருக்க வேண்டும். குறைந்தால் ஓர் இடைவெளியைத் தாண்டியிருக்கிறீர்கள்.

பக்கக் கொத்துகளுக்கு இடையே ஒரு செயின் போடுவது பழைய வழக்கம். போடாமல் விட்டால் சதுரம் சற்று நெருக்கமாகவும் கதகதப்பாகவும் இருக்கும். தில்லிக் குளிருக்குப் போடாமல் விடுவதையே நான் பரிந்துரைக்கிறேன். எதைத் தேர்ந்தாலும் கடைசிச் சதுரம் வரை அதையே தொடர வேண்டும்.

நடுவில் மேஜிக் ரிங், அதாவது நூல்முனையை இழுத்து இறுக்கும் வளையம், போடலாமா என்று சிலர் கேட்பார்கள். துளை முழுவதும் மூடிக்கொள்ளும் என்பது அதன் சிறப்பு. ஆனால் அதன் நூல்முனையைச் சரியாகச் செருகாவிட்டால், பலமுறை துவைக்கும் போர்வையில் நடு வளையம் தளர்ந்து விரிந்துவிடும். செயின் வளையம் அப்படி விரியாது.

ஒரு காணொளியில் டபுள் என்கிறார்கள், மற்றொன்றில் அதையே டிரெபிள் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். அமெரிக்க முறையில் டபுள் குரோஷே என்பதைப் பிரிட்டிஷ் முறையில் டிரெபிள் என்பார்கள். குறிப்பில் எங்கேனும் சிங்கிள் குரோஷே என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை என்று உறுதியாகக் கொள்ளலாம், ஏனெனில் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே இல்லை. இங்கே நான் அமெரிக்கப் பெயர்களையே பயன்படுத்துகிறேன்: ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு, உள்ளே விட்டு இழுத்து, இரண்டிரண்டு கண்ணிகளாக இருமுறை கழற்றுவதே டபுள் குரோஷே.

ஒவ்வொரு சுற்றிலும் நூலை வெட்டினால் எத்தனை நூல்முனைகளைச் செருகுவது? குறைக்க வழி இல்லையா?

இந்தக் கவலை நியாயமானது. 6 சுற்றுச் சதுரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று என 12 முனைகள். 99 சதுரங்களுக்கு 1,188 முனைகள். எல்லாவற்றையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்ட போர்வைகள் பல வீடுகளில் பெட்டிக் கட்டிலுக்குள் பைகளாகவே கிடக்கின்றன.

முதல் வழி, பின்னும்போதே மறைத்துவிடுவது. புதிய சுற்றைத் தொடங்கும்போது தொடக்க முனையைக் கொத்துகளின் அடியோடு சேர்த்துப் பிடித்து, அதன் மேலேயே பின்னிக்கொண்டு போனால் ஒரு முனை மறைந்துவிடும். அதே நிறச் சுற்றின் அடியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அடர் நிற முனையை வெளிர் நிறக் கொத்துகளுக்குள் மறைத்தால் வெளியே தெரியும். மிஞ்சும் முனையை மழுங்கிய நுனியுள்ள பெரிய கண் ஊசியால் முன்னே, பின்னே, மறுபடியும் முன்னே என்று மூன்று திசைகளில் செருக வேண்டும். ஒரே திசையில் செருகினால் இரண்டாவது சலவையிலேயே வெளியே வந்துவிடும்.

இரண்டாவது வழி, வெட்டாமலேயே இரண்டு நூல்களையும் மேலே கொண்டுபோவது. சுற்று முடிந்ததும் கண்ணியைச் சற்று நீட்டி அப்படியே நிறுத்திவிட்டு, மற்ற நிறத்தில் அடுத்த சுற்றைப் பின்னி, பிறகு காத்திருக்கும் நூலைப் பின்புறமாக மேலே இழுத்துக்கொள்ளலாம். முனைகள் சதுரத்துக்கு 4 ஆகக் குறைகின்றன. ஆனால் எல்லாச் சுற்றுகளும் ஒரே மூலையில் தொடங்குவதால் அந்த மூலையின் பின்புறத்தில் ஒரு நூல்வரி தெரியும். சோபா மேல் விரிப்பதற்கு இது பரவாயில்லை. இரண்டு பக்கமும் பார்வைக்கு வரும் போர்வைக்கு முதல் வழியே நல்லது.

எந்த நிறத்தில் எவ்வளவு நூல் வாங்க வேண்டும்? பாதிப்பாதி போதாதா?

பாதிப்பாதி வாங்கினால் ஒரு நிறம் முன்னதாகத் தீர்ந்துவிடும். காரணம் எளிது: வெளிச்சுற்று எப்போதும் உட்சுற்றைவிடப் பெரியது.

கொத்துகளை வைத்துக் கணக்கிடுவோம். 4 சுற்றுச் சதுரத்தில் முதல் நிறத்துக்கு 1ஆம், 3ஆம் சுற்றுகள், அதாவது 4 + 12 = 16 கொத்துகள். இரண்டாம் நிறத்துக்கு 8 + 16 = 24 கொத்துகள். விகிதம் 2:3. ஐந்தாவது சுற்றையும் பின்னினால் முதல் நிறமே வெளியே வருகிறது; அதற்கு 36, மற்றதற்கு 24, ஆகவே 3:2. ஆறு சுற்றானால் 36-க்கு 48, அதாவது 3:4. ஏழு சுற்றுக்கு 64-க்கு 48, அதாவது 4:3. எந்த நிறம் வெளிச்சுற்றாக நிற்கிறதோ அதற்கே நூல் அதிகம் செலவாகும். சுற்றுகள் கூடக்கூட விகிதத்தில் அந்த வேறுபாடு குறைந்துகொண்டே வரும்.

இனி எடைக்கு வருவோம். சமையலறைத் தராசு இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். ஒரு மாதிரிச் சதுரம் பின்னி எடை போடுங்கள். 6 சுற்றுச் சதுரம் 6 அங்குலப் பக்கமும் 15 கிராம் எடையும் கொண்டதாக வைத்துக்கொண்டால், 9 பத்தி, 11 வரிசை என 99 சதுரங்களில் 54 அங்குலத்துக்கு 66 அங்குலப் போர்வை வரும். மொத்த எடை 1,485 கிராம். எல்லாச் சதுரங்களிலும் வெளிர் நிறமே வெளிச்சுற்றாக இருந்தால், அடர் நிறம் ஏறத்தாழ 640 கிராமும் வெளிர் நிறம் 850 கிராமும் தேவைப்படும். இணைப்புக்கும் கரைக்கும் எந்த நிறத்தைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதில் இன்னும் 150 முதல் 200 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிறமும் சமமாகத் தீர வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. பாதிச் சதுரங்களை அடர் நிறத்தில் தொடங்குங்கள், மீதிப் பாதியை வெளிர் நிறத்தில் தொடங்குங்கள். அப்போது ஒரு வகைச் சதுரத்தின் மிகுதி மற்ற வகையின் குறைவோடு ஈடாகிவிடும். மேலே சொன்ன 99 சதுரங்களை 50 ஒரு வகை, 49 மறு வகை எனப் பின்னினால், இரண்டு நிறத்துக்கும் சுமார் 745 கிராம் போதும்.

ஒரு சதுரம் மூலைக்கு மூலை இரண்டாகப் பிரிந்து, பாதி ஒரு நிறமாகவும் பாதி மற்றொரு நிறமாகவும் இருப்பதைப் பார்த்தேன். அதை எப்படிப் பின்னுகிறார்கள்?

இரண்டு நிறச் சதுரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பார்ப்பதற்குக் கடினமாகத் தோன்றினாலும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வேலையைத் திருப்புகிறோம் என்ற ஒரு செய்தி புரிந்துவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடும்.

நான்கு மூலைகளுக்கும் வரிசையாக 1, 2, 3, 4 என்று பெயர் வைப்போம். முதல் சுற்றில் அடர் நிறத்தால் 1இல் தொடங்கி, 2ஆம் மூலை வழியாக 3 வரை இரண்டு கொத்துகள் போடுகிறோம். 3ஆம் மூலைக்குரிய இரண்டு செயின்களில் முதல் செயினை அடர் நிறத்திலும் இரண்டாவதை வெளிர் நிறத்திலும் போட்டு, அடர் நூலை அங்கேயே வெட்டாமல் தொங்கவிட வேண்டும். வெளிர் நிறத்தால் 4ஆம் மூலை வழியாக மீதி இரண்டு கொத்துகளைப் போட்டு 1ஆம் மூலைக்கு வந்து, ஒரு செயின் போட்டு, தொடக்கச் செயினின் உச்சியில் ஒரு சிங்கிள் குரோஷேயால் மூடுகிறோம். ஸ்லிப் ஸ்டிட்சுக்குப் பதில் சிங்கிள் குரோஷே போடுவதால் ஊசி மூலையின் நடுவில் வந்து நிற்கும்.

இப்போது வெளிர் நூல் 1ஆம் மூலையிலும் அடர் நூல் 3ஆம் மூலையிலும் இருக்கின்றன. வேலையைத் திருப்புங்கள். கையில் உள்ள வெளிர் நூலால் 3 செயினும் 2 டபுள் குரோஷேயும் அதே மூலையில் போட்டு, வந்த வழியே திரும்பி, வெளிர்ப் பாதியின் மேலேயே 4ஆம் மூலை வழியாக 3ஆம் மூலைக்குப் போகிறீர்கள். அங்கே அடர் நூல் காத்திருக்கிறது. அங்கே ஒரு கொத்தும் ஒரு செயினும் வெளிர் நிறத்தில் முடித்து, அடர் நூலை மேலே எடுத்து ஒரு செயினும் ஒரு கொத்தும் அதே மூலையில் போட்டு, அடர்ப் பாதியின் மேல் 2ஆம் மூலை வழியாக 1ஆம் மூலைக்கு வந்து, அங்கே ஒரு கொத்தும் ஒரு செயினும் போட்டு, முன்போலவே சிங்கிள் குரோஷேயால் மூடுங்கள். மறுபடியும் திருப்பினால் கையில் அடர் நூல் இருக்கும். வெளிர் நூல் 3இல் காத்திருக்கும். இப்படியே எத்தனை சுற்றுகள் வேண்டுமானாலும் தொடரலாம். நூலை எங்கும் வெட்டுவதில்லை. சதுரத்துக்கு 4 முனைகள் மட்டுமே. இரண்டு நிறமும் ஒவ்வொரு சுற்றிலும் சமமாகச் செலவாகும் என்பதால் மேலே போட்ட விகிதக் கணக்கும் இதற்குத் தேவையில்லை.

கவனம் வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஒவ்வொரு சுற்றிலும் திருப்புவதால், சதுரத்தின் பின்புறம் ஒரு சுற்றில் உங்களுக்கு அப்பாலும் அடுத்த சுற்றில் உங்களை நோக்கியும் இருக்கும். தொங்கும் நூலை எப்போதும் பின்புறத்திலேயே விட வேண்டும். அதாவது ஒரு சுற்றில் வேலைக்கு அப்பால், அடுத்த சுற்றில் வேலைக்கு இப்பால். முதல் சுற்றிலேயே முன்புறத்தில் ஒரு சிறு சேஃப்டி பின்னைக் குத்தி வைத்தால் குழப்பம் வராது. மூலையில் நூலை மேலே எடுக்கும்போது இறுக்கி இழுக்கக் கூடாது; இழுத்தால் அந்த மூலை மட்டும் உள்வாங்கிச் சதுரம் காற்றாடித் தாளின் வடிவத்துக்குச் சாய்ந்துவிடும்.

சதுரங்களை எப்படி அடுக்குவது?

சுற்றுக்குச் சுற்று மாறும் சதுரங்களில் இரண்டு வகையையும் ஒன்று விட்டு ஒன்றாக, சதுரங்கப் பலகை முறையில் அடுக்குவதே மிகவும் எடுப்பாக இருக்கும். பத்தியும் வரிசையும் ஒற்றைப்படையாக இருந்தால், அதாவது 7-க்கு 9 அல்லது 9-க்கு 11 என்றால், நான்கு மூலைகளிலும் ஒரே வகைச் சதுரம் வந்து போர்வை நிறைவாகத் தெரியும்.

மூலைக்கு மூலை பிரிந்த சதுரங்களில் விளையாட இடம் அதிகம். எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தால் சாய்வான பற்கள் போல வரிசைகள் ஓடும். நான்கு சதுரங்களின் அடர்ப் பாதிகளை நடுவை நோக்கித் திருப்பினால் ஒரு முழு வைரம் பிறக்கும். ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்பி வைத்தால் காற்றாடி. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் நிழலிட்டு முதலில் வரைந்து பாருங்கள். புள்ளி வைத்துக் கோலம் வரைந்து பழகிய கைகளுக்கு இது இயல்பாகவே வரும். எல்லாச் சதுரங்களும் முடிந்த பிறகு தரையில் விரித்து, நாற்காலி மேல் நின்று படம் எடுத்துப் பார்த்தால், திசை மாறிக் கிடக்கும் ஒன்றிரண்டு சதுரங்கள் அந்தப் படத்தில் உடனே தெரிந்துவிடும்.

என் சதுரம் தட்டையாக விழுவதில்லை. என்ன காரணம்?

நடு குழிந்து விளிம்பு மேலே எழுந்தால், மூலைச் செயின்கள் இறுக்கமாக இருக்கின்றன அல்லது ஒரு கொத்து விடுபட்டிருக்கிறது. ஊசியை அரை மி.மீ. பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு அலை அலையாக நெளிந்தால் செயின்களோ கொத்துகளோ அதிகமாகிவிட்டன.

சதுரம் தட்டையாக இருந்தும் சற்றே சாய்ந்து சுழல்வது போலத் தெரிந்தால் அது உங்கள் தவறு அன்று. ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது டபுள் குரோஷேயின் தலை தண்டுக்கு நேர்மேலே அமையாமல் சற்று விலகியே அமைகிறது. அந்தச் சிறு விலகல் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திருப்பிப் பின்னினால் சாய்வு ஒன்றையொன்று ஈடு செய்துவிடும்.

சதுரங்களை இணைக்க எந்த முறை நல்லது?

முன்புறம் மேலே தெரியும்படி இரண்டு சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணிகளின் வெளிப்பாதியை மட்டும் எடுத்து ஊசி நூலால் தைத்தால் இணைப்பு தட்டையாக அமைந்து கண்ணுக்கு அதிகம் தெரியாது. இரண்டு நிறச் சதுரங்கப் பலகை அடுக்கில் ஒரு சிக்கல் எழும்: ஒரு பக்கம் அடர் விளிம்பு, மறுபக்கம் வெளிர் விளிம்பு. எந்த நிறத்தால் தைத்தாலும் ஒரு பக்கத்தில் புள்ளிகள் தெரியும். அடர் நிறத்தால் தைப்பதே மேல், வெளிர் நிறத்தின் மேல் அது வரிசையான கோடாகத் தெரிவதால் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கும்.

சிங்கிள் குரோஷேயால் இணைத்தால் ஒரு மேடு எழும். வலுவானது, விரைவானது, கல்லூரி விடுதிக்குப் போகும் பிள்ளையின் போர்வைக்கு இதுவே போதும். முதலில் நீளவாக்கில் எல்லா வரிசைகளையும் இணைத்து முடித்து, பிறகு குறுக்குவாக்கில் போங்கள். மூலைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு கண்ணி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் துளை விழாது.

கரை அவசியமா?

அவசியம். குறைந்தது இரண்டு சுற்றுகளாவது கரை பின்னினால்தான் விளிம்பு தொய்யாமல் நிற்கும். கடைசிச் சுற்றை அடர் நிறத்தில் முடித்தால் அழுக்கும் தெரியாது.

இஸ்திரி போட்டுத் தட்டையாக்கலாமா? எப்படித் துவைப்பது?

அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. சூட்டில் இழை இளகி, வழுவழுவென்று தொய்ந்து, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. சதுரத்தைத் துண்டின் மேல் பின் குத்தி நீட்டி, நீராவி இஸ்திரியை ஓர் அங்குலம் மேலே பிடித்து நீராவி மட்டும் படும்படி நகர்த்தி, ஆறவிட்டு எடுத்தால் போதும். ஆட்டு ரோமமானால் நனைத்துப் பிழிந்து, அளவுக்கு நீட்டிப் பின் குத்தி நிழலில் உலர்த்த வேண்டும்.

அக்ரிலிக் போர்வையை வலைப்பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் இயந்திரத்திலேயே துவைக்கலாம். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் சொந்த எடையிலேயே நீண்டுவிடும். மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டில் இருந்தால் அதன்மேல் விரிப்பது நல்லது. ஆட்டு ரோமத்தைப் பூந்திக்கொட்டை நீரில் கையால் அலச வேண்டும், முறுக்கிப் பிழியக் கூடாது. ஹோலி முடிந்து எடுத்து வைக்கும்போது அதனோடு வேப்பிலையோ கற்பூரமோ வையுங்கள், பூச்சி அண்டாது.

தில்லிக் குளிருக்கு இது ரஜாய்க்கு (பஞ்சு அடைத்த தடித்த போர்வைக்கு) மாற்றாகுமா?

ஆகாது. டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் சில இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இறங்கும். துளைகள் உள்ள எந்தப் போர்வையும் தனியாக அதைத் தாங்காது. ரஜாய்க்கு அடியிலோ மெல்லிய போர்வைக்கு மேலோ போட்டுக்கொண்டால் துளைகளில் தங்கும் காற்றே கதகதப்பைத் தரும். பகலில் மடியில் போட்டுக்கொள்ளவும், பிப்ரவரி இரவுகளுக்கும் இது மிகவும் பொருத்தம்.

ஓர் எச்சரிக்கை. அக்ரிலிக் தீப்பற்றினால் உருகித் தோலில் ஒட்டும் தன்மை உடையது. கம்பி சிவக்கும் ஹீட்டருக்கோ அங்கீட்டி என்னும் கரியடுப்புக்கோ அருகில் இந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காராதீர்கள். முதியவர்கள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

பிறந்த குழந்தைக்குக் கொடுக்கலாமா?

தொட்டிலில் தூங்கும்போது போர்த்தக் கொடுக்க வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தையின் படுக்கையில் தளர்ந்த போர்வை இருக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. துளைகளில் சிறு விரல்களும் சிக்கும். பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தரையில் விரித்து விளையாடவிடலாம். அதற்கு நெருக்கமான பின்னலும் நன்றாகச் செருகிய முனைகளும் வேண்டும்.

சென்னையில் இருக்கும் அம்மாவுக்கு ஒன்று பின்ன விரும்புகிறேன். அந்த வெக்கையில் பயன்படுமா?

உல்லனில் பயன்படாது, பருத்தி நூலில் பின்னுங்கள். பருத்தி கனமானது, இழுத்தால் மீண்டும் சுருங்காது என்பதால் முழுப் போர்வையாக வேண்டாம். சோபா விரிப்பாகவோ, ஏ.சி. அறையில் காலில் போட்டுக்கொள்ளும் சிறு போர்வையாகவோ 5-க்கு 7 என 35 சதுரங்கள் போதும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்ப் பின்னுவதற்கும் சதுரம் போல வசதியானது வேறில்லை. ஒரு நேரத்தில் கையில் இருப்பது ஒரே ஒரு சதுரம்தான் என்பதால் மடியும் இருக்கையும் நிறைவதில்லை.

குடியிருப்பில் உள்ளவர்கள் பலர் சேர்ந்து ஒரு போர்வை பின்னலாமா?

தாராளமாகப் பின்னலாம். 2016 ஜனவரியில் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பலரும் தத்தம் இடத்தில் பின்னிய பகுதிகளை ஒன்றிணைத்தால் எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்பதற்கு அது சான்று.

பலர் பின்னும்போது எழும் முதன்மையான சிக்கல் அளவுதான். ஒரே நூலிலும் ஒரே எண் ஊசியிலும் ஒருவர் சதுரம் 6 அங்குலமும் இன்னொருவர் சதுரம் ஆறரை அங்குலமும் வரும். 6 அங்குலத்துக்கு வெட்டிய அட்டை ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுங்கள். இறுக்கமாகப் பின்னுபவர் பெரிய ஊசிக்கும், தளர்வாகப் பின்னுபவர் சிறிய ஊசிக்கும் மாறிக்கொள்ளட்டும். நூலை ஒருவரே ஒரே லாட்டில் வாங்கி, எடை போட்டுப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சுற்றுகளின் எண்ணிக்கை, எந்த நிறத்தில் தொடக்கம், கொத்துகளுக்கிடையே செயின் உண்டா இல்லையா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, சதுரங்களை இணைக்கும் வேலையை ஒரே கையிடம் விடுங்கள்.

இரவுத் தங்குமிடங்களுக்குக் கொடுப்பதற்காகப் பின்னுவதாக இருந்தால், இயந்திரச் சலவையைத் தாங்கும் அக்ரிலிக்கையே பயன்படுத்துங்கள், அடர் நிறத்தையே வெளியில் வையுங்கள், கொடுப்பதற்கு முன் ஒருமுறை துவைத்து முனைகள் வெளிவரவில்லை என்று பார்த்துவிடுங்கள். குளிர் கடுமையாவது மார்கழியில்தான் என்பதால், சதுரங்கள் கார்த்திகை முதல் வாரத்துக்குள் கைக்கு வந்து சேர வேண்டும். இணைக்கவும் கரை பின்னவும் குறைந்தது மூன்று வாரங்கள் பிடிக்கும்.